ஒரே தீக்குச்சி

அத்தியாயம் ஒன்பது

சாவியக்கா ஒப்புக்கொண்டுவிட்டதால் வழக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்டக்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை குச்சி?"

அதற்கு முன் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்கு யோசனை ஓடாது.

எங்களுடையது மாலை நேரச் சட்டக் கல்லூரி. பகலில் அதே கட்டடத்தில் சிறு பிள்ளைகளின் பள்ளி நடக்கிறது. அதனால் தண்டனைச் சட்டத்தை நாங்கள் முழங்கால் இடிக்கும் பெஞ்சுகளில் உட்கார்ந்து படிக்கிறோம். நாற்பத்திரண்டு பேர். பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக் குறிப்பு எழுதுகிறேன். என் பக்கத்து இடத்துக்காரர் பேருந்து நடத்துநர். எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான், எனக்கு மட்டும் கண்டக்டர் அண்ணே.

கல்லூரிக்கு ஒரு கொள்கை உண்டு. யார் எழுதியது என்று தெரியாமல் திருத்துவதே நியாயம். விடைத்தாளின் முகப்பில் பெயர் எழுத அட்டை போலக் கனமான ஒரு துண்டு இருக்கும். தேர்வு முடிந்ததும் கண்காணிப்பாளர் அதைக் கிழித்தெடுத்து, துண்டிலும் தாளிலும் ஒரே எண்ணைப் போடுவார். துண்டுகள் ஓர் உறைக்குள் போகும், உறை ஒட்டப்பட்டு இரும்பு பீரோவுக்குள் போகும். பெயரில்லாத விடைத்தாள்கள் திருத்துவதற்கு முதல்வரிடம் போகும்.

மதிப்பெண் பட்டியல் எண்களாகச் சுவரில் ஒட்டப்பட்டது. ஆக அதிகம் எழுபத்தெட்டு, ஆகக் குறைவு பத்தொன்பது. எது யாருடையது என்று சொல்ல வேண்டிய உறையைத்தான் காணோம் என்றார்கள். கையெழுத்தைப் பார்த்து அடையாளம் காண்பதும் கொள்கைக்கு எதிரானது.

மறுதேர்வா, எல்லோருக்கும் சராசரியா என்று வகுப்பையே முடிவு செய்யச் சொன்னார் முதல்வர். தன் மதிப்பெண் எதுவென்று தெரியாத நாற்பத்திரண்டு பேர் நியாயத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். முதல் பெஞ்சில் உட்காருகிறவர்கள் எழுபத்தெட்டு தங்களுடையது என்ற நம்பிக்கையில் சராசரியை எதிர்த்தார்கள். கடைசி பெஞ்சு சமத்துவத்தின் பக்கம் நின்றது.

"யாருக்குச் சீட்டு கிடைக்கும்னு தெரியாதவரைக்கும் எல்லாரும் வரிசையிலதான் நிப்பாங்க," என்றார் கண்டக்டர். "பஸ் வரட்டும், பாருங்க."

ஐந்து கேள்விகளில் நான் பதில் எழுதியது ஒன்றுக்குத்தான். மூன்றாம் கேள்வி. எதிரி படுத்திருப்பதாக நம்பி ஒருவன் தலையணையைக் கத்தியால் குத்துகிறான், எதிரியோ அன்று வெளியூரில் இருக்கிறான், குத்தியவன் குற்றவாளியா? பதினொரு பக்கம் எழுதினேன். பன்னிரண்டாவது பக்கம் தொடங்கும்போது மணி அடித்தது. பத்தொன்பது யாருடையது என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

புதன்கிழமை மாலை சாவியக்கா முதல்வர் அறைக்குப் போய், உறையை எரித்தது தான்தான் என்று சொன்னார். கல்லூரியின் பூட்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர். கட்டடத்துக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் மகளோடு குடியிருக்கிறார். மகள் எங்கள் வகுப்பில்தான் படிக்கிறாள்.

முதல்வர் உடனே குற்றச்சாட்டை எழுதினார். ஒரே வரி. 'பெயர்ச்சீட்டுகள் அடங்கிய உறையை எரித்து அழித்தார்.' மறுநாள் மாலை நான்கரைக்கு விசாரணை. நிரூபணமானால் வேலை போகும், ஒரு வாரத்தில் அறையையும் காலி செய்ய வேண்டும்.

"கேட்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது," என்றார் முதல்வர் வகுப்பில். "இவருக்காக யார் பேசப் போகிறீர்கள்?"

எல்லோரும் பெஞ்சில் சிறு பிள்ளைகள் கிறுக்கியிருந்ததைப் படித்தார்கள். என் கை மட்டும் மேலே இருந்தது. மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதற்காகத் தூக்கியது.

"நன்று," என்று எழுதிக்கொண்டார் முதல்வர்.

"கூட என் பேரையும் போட்டுக்குங்க மேடம்," என்றார் கண்டக்டர். "இவங்களைத் தனியா அனுப்பினா, திருடனை விட்டுட்டுத் தன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு நிப்பாங்க."

*

அறைக்கு நாங்கள் போனபோது சாவியக்கா தரையில் செய்தித்தாளை விரித்து, பதினான்கு பூட்டுகளை வரிசையாக வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாளை வேலை போகப்போகிறவர்.

"உங்களுக்காகப் பேச வந்திருக்கோம்க்கா," என்றேன்.

"என்னத்தம்மா பேசுவே? நான்தான் எரிச்சேன்னு சொல்லிட்டேனே."

"எனக்கும் அதே சந்தேகம்தான்."

"பிரமாதம்," என்றார் கண்டக்டர். "வாய்தா வாங்கறதுக்கு முன்னாடியே கட்சிக்காரரும் வக்கீலும் ஒத்துப்போயிட்டாங்க. அக்கா, நீங்க முதல்லேருந்து சொல்லுங்க. இவங்க எழுதிக்குவாங்க. எழுதலைன்னா இவங்களுக்குக் காது கேட்காது."

சாவியக்கா ஒரு பூட்டை மூடித் திறந்து பார்த்தார். "போன வெள்ளிக்கிழமை மத்தியானம். கண்காணிப்பாளர் சார் சாப்பிடப் போயிருந்தாரு. பீரோவைத் திறந்தேன், ஏழாம் நம்பர் உறையை எடுத்தேன். தண்ணித்தொட்டிகிட்ட குப்பைத் தகரம் இருக்குல்ல, அதுல போட்டுக் கொளுத்தினேன். முடிஞ்சுது."

"ஏழுலதான் எங்க பேர் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"பரீட்சை அன்னைக்கு ஜன்னலைச் சாத்தப் போனேன். சார் உங்க பேரையெல்லாம் கிழிச்சு முடிச்சுட்டு, கடைசியாப் பசை தடவி மூடினது ஏழு. கண்ணால பார்த்தேன்."

"ஏன்க்கா எரிச்சீங்க?"

அவர் அடுத்த பூட்டை எடுத்தார். சுவரோரம் நின்றிருந்த மகள் சொன்னாள். "நான் ரெண்டு தடவை ஃபெயில். மூணாவது தடவைன்னா பேரை எடுத்துடுவாங்க. பரீட்சை எழுதிட்டு வந்து இந்தக் கட்டில்ல விழுந்து அழுதேன், இந்தத் தாளெல்லாம் காணாமப் போனா நல்லா இருக்கும்னு. அம்மா பொய் சொல்றாங்க. நான்தான் எடுத்திருப்பேன்னு நினைச்சுக்கிட்டு, என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாங்க. நான் எடுக்கலை."

"நீ சும்மா இருடி. சட்டம் படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

"அம்மா, சட்டத்துலதான் ஃபெயில் ஆயிட்டேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

கண்டக்டர் குனிந்து தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். விளக்கு மாடத்தில் இருந்தது. "அக்கா, எத்தனை குச்சி?"

"என்னது?"

"எரிக்கறதுக்கு. எத்தனை குச்சி ஆச்சு?"

"ஒண்ணுதான். பொசுக்குனு போயிடுச்சு. உறை வாய் மட்டும்தான் எரியலை, பசை தடிச்சுப்போய்க் கட்டை மாதிரி இருந்துச்சு. செருப்பால தேச்சு விட்டேன்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பசை எதற்கு என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதினேன்.

*

தண்ணீர்த் தொட்டியருகே கண்டக்டர் தன் பையிலிருந்து பயிற்சித் தேர்வு விடைத்தாள்கள் ஆறை எடுத்தார். ஆறும் எழுதாதவை.

"படிக்கிறதுக்குன்னு வச்சிருந்தேன்," என்றார். பெயர்த் துண்டுகளைக் கிழித்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பழைய உறைக்குள் போட்டுக் கொளுத்தினார்.

முதல் குச்சியில் உறையின் ஓரம் கறுத்தது. இரண்டாவதில் உறை எரிந்தது, துண்டுகள் பழுப்பாகின. மூன்றாவது அணைந்தது. நான்காவதில்தான் முடிந்தது. கண்டக்டர் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஆறுக்கு நாலு குச்சி," என்று எழுதினேன். "நாற்பத்திரண்டுக்கு இருபத்தெட்டு."

"ரெண்டு விரலையும் சேர்த்துக்குங்க."

"அப்படின்னா அக்கா எரிக்கவே இல்லை. மகளுக்காகத் தப்பா ஒப்புக்கிறாங்க. வாக்குமூலம் மட்டும் போதாது, குற்றம் நடந்ததுக்கே தனியா ஆதாரம் வேணும்னு மேடம் நடத்தினாங்களே."

"அப்ப சரி. போய் டீ சாப்பிடலாம்."

"இல்லண்ணே. எதுக்கும் பீரோவைப் பார்த்துடலாம். நான் தப்பாக்கூட யோசிச்சிருக்கலாம்."

"உங்களை மாதிரி ஒரு வக்கீல் எதிர்க்கட்சிக்குக் கிடைச்சிருக்கணும்," என்றார் அவர்.

கண்காணிப்பாளரின் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பீரோ. வந்தவர் உட்கார இடம் கிடையாது. அப்படி விதி இல்லை என்பதால் போடவில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவரை நாங்கள் விதி சார் என்போம். மேல்சட்டைப் பையில் விதிப்புத்தகத்தை வைத்திருப்பார், பேனா இருக்க வேண்டிய இடத்தில்.

"குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வழக்கறிஞர் சான்றுப் பொருளைப் பார்வையிடலாம்," என்று ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு பீரோவைத் திறந்தார். "தொடாமல்."

பதினொரு உறைகள் இருக்க வேண்டிய தட்டில் பத்து இருந்தன. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. ஏழு நிஜமாகவே இல்லை. அக்கா எதையும் எரிக்கவில்லை என்ற என் முடிவு கால் மணி நேரம் உயிரோடு இருந்தது.

"இந்த மத்த உறைகள்ல என்ன சார் இருக்கு?"

"வரப்போகும் தேர்வுகளின் வினாத்தாள்கள். நாளுக்கு முன்னால் ஓர் உறையைப் பிரித்தால் அந்தத் தேர்வே ரத்து. அதனால்தான் மேலே எண் மட்டும். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதி வைக்கக் கூடாது. விதி பதினான்கு."

"நல்ல விதி," என்றார் கண்டக்டர். "எங்க டிப்போவுல பஸ்ஸுக்கு இந்த விதி போட்டா யாரும் ஊர் போய்ச் சேர மாட்டாங்க."

விதி சார் சிரிக்கவில்லை.

"ஏழுல இருந்தது பெயர்ச்சீட்டுதானா சார்?" என்று கேட்டேன்.

"அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே."

அதையும் எழுதிக்கொண்டேன். கடையில் சுவரில் உள்ள எழுத்தைக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டால், சிலர் "நல்லாத் தெரியுதே" என்பார்கள். எழுத்தைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குத்தான் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படும்.

வெளியே வரும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பத்து உறைகளின் வாயிலும் பசை நூல் போல மெல்லியதாக இருந்தது. ஒரே முறை ஒட்டிய பசை.

*

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்குக் கடையில் முதலாளி என்னைத் திட்டினார். லென்ஸ் அலமாரியில் இருநூறு உறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாய் மட்டும் கிழிந்து தொங்குகிறது, புதிது மாற்றக் கூடாதா என்றார்.

அது எந்த உறை என்று பார்த்தேன். பிறகு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கண்டக்டருக்குத் தொலைபேசினேன்.

"சொல்லுங்க. உள்ள போங்க, உள்ள போங்க. உங்களைச் சொல்லலை."

"அண்ணே, மூடின உறைக்குள்ள சின்னச் சின்ன அட்டைத் துண்டு இருந்தா, குலுக்கிக் கண்டுபிடிக்க முடியுமா?"

"இருபது வருஷமா டிக்கெட் கட்டைக் காதுல வச்சே எத்தனை மிச்சம்னு சொல்றவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? அம்மா, குழந்தைக்கும் சேர்த்து ரெண்டு எடுக்கணும். இல்லை, உங்களுக்கு வேண்டாம்."

*

முதல்வர் அறையில் விசாரணை தொடங்கியது. நீள மேசை. சாவியக்கா ஓரத்து நாற்காலியில், கையில் சாவிக்கொத்தோடு. மகள் அவர் பின்னால் நின்றாள். விதி சார் பத்து உறைகளையும் தட்டோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"புகார் கொடுத்தது மேடம், தாளைத் திருத்தினது மேடம், தீர்ப்பு சொல்றது மேடம்," என்றார் கண்டக்டர் என் காதருகே. "இன்னும் ரெண்டு நாற்காலி காலியா இருக்கு. அதுலயும் மேடமே உட்காரலாம்."

"கேட்கிறது," என்றார் முதல்வர். "ஆள் பற்றாக்குறை. தொடங்குங்கள்."

நான் எழுந்தேன். குறிப்பேட்டைப் பிரித்தேன்.

"மேடம், பெயர்ச்சீட்டு எரியலைன்னு சொல்றேன். தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. நாற்பத்திரண்டு கனத் துண்டு ஒரு தீக்குச்சியில எரியாது. அக்கா எரிச்சது மெலிசான காகிதம். பெயர்ச்சீட்டு இந்தப் பத்துல ஒண்ணுல இருக்கு."

"எதில்?"

"கண்டக்டர் அண்ணே சொல்லுவாரு. குலுக்கணும்."

விதி சார் நிமிர்ந்தார். "உறைகளைக் குலுக்கலாம் என்று விதியில் இல்லை."

"குலுக்கக் கூடாதுன்னு இருக்கா சார்?" என்றார் கண்டக்டர்.

விதி சார் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நாங்கள் காத்திருந்தோம். முதல்வர் ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்தார்.

"இல்லை," என்றார் விதி சார் கடைசியில்.

"தடுக்காதது அனுமதிக்கப்பட்டது," என்றார் முதல்வர். "குலுக்குங்கள்."

கண்டக்டர் ஒன்றை எடுத்துக் காதோரம் அசைத்தார். "பொத்துனு இருக்கு. மடிச்ச காகிதக் கட்டு." இரண்டு. "அதே." மூன்று. "இதுவும் அதேதான், கொஞ்சம் கஷ்டமான பேப்பர்னு நினைக்கிறேன்." நான்கை எடுத்தார். அசைத்தார். மறுபடியும் அசைத்தார். சருகில் நடப்பது போல் சலசலத்தது. மேசையில் எல்லோருக்கும் கேட்டது. "நாப்பது, நாப்பத்தஞ்சுக்குள்ள," என்று முதல்வர் முன்னால் வைத்தார்.

மீதி ஆறையும் அவர் குலுக்கினார். ஆறும் பொத்து. முதல்வர் நான்கின் ஓரத்தைக் கத்தரித்துக் கவிழ்த்தார். எங்கள் பெயர்கள் மேசையில் விழுந்தன. அவர் எண்ணினார். நாற்பத்திரண்டு.

சாவியக்கா எழுந்து எட்டிப்பார்த்தார். "அப்போ நான் எரிச்சது?"

நான் உட்கார்ந்திருக்கலாம். குற்றச்சாட்டு விழுந்துவிட்டது, என் வேலை முடிந்தது. ஆனால் குறிப்பேட்டில் இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது.

"சாரை ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்கள்."

"சார், ஒவ்வொரு பரீட்சைக்கும் சரியான வினாத்தாளை நீங்கதான் எடுத்துட்டு வர்றீங்க. ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. மேலே எண் மட்டும்தான் இருக்கு. ஞாபகம் வச்சுக்கறீங்களா, இல்லை எழுதி வச்சிருக்கீங்களா? கடையில ரெண்டு லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இதுவா அதுவா, எது தெளிவுன்னு கேப்பாங்க. அது மாதிரிதான். இதுவா, அதுவா?"

விதி சார் தட்டின் ஓரத்தை மேசை விளிம்போடு நேராக்கினார்.

"ஞாபகம்னா, பெயர்ச்சீட்டு நாலுல இருக்குன்னு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். எழுதி வச்சிருந்தீங்கன்னா, அந்தப் பட்டியலை எங்க வச்சீங்க? அக்கா எரிச்ச உறையோட வாய்ல பசை கட்டையாத் தடிச்சிருந்ததாம். மத்த உறையெல்லாம் ஒரே தடவை ஒட்டினது. எங்க கடையில இருநூறு உறை இருக்கு. திரும்பத் திரும்பப் பிரிச்சு ஒட்டற உறை ஒண்ணே ஒண்ணுதான். எது எங்க இருக்குன்னு எழுதின பட்டியல் இருக்கற உறை."

விதி சார் தன் புத்தகத்தைப் பிரித்து, விதி பதினான்கை முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்தார். எந்த எண்ணில் எது உள்ளது என்பதை எங்கும் எழுதி வைக்கலாகாது. படித்து முடித்து மேசையில் வைத்தார்.

"ஏழில் பட்டியல்தான் இருந்தது," என்றார். "தேர்வன்று மாலை புதிதாக ஒரு வரி எழுதி ஒட்டினேன். இவர் பார்த்தது அதைத்தான். திங்கட்கிழமை ஏழைக் காணவில்லை என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டியல் போய்விட்டது, பெயர்ச்சீட்டு இந்தப் பத்தில் எங்கோ இருக்கிறது. எதையும் பிரிக்க முடியாது. பட்டியல் இருந்தது என்று சொல்லவும் முடியாது."

"நேற்று இவர் வந்து ஒப்புக்கொண்டபோது?" என்றார் முதல்வர்.

"எனக்கு நிம்மதியாக இருந்தது."

சாவியக்கா அவரையே பார்த்தார். "பதினெட்டு வருஷமா உங்க பீரோவுக்கு எண்ணெய் விட்டிருக்கேன் சார்," என்றார்.

"இதுவரைக்கும் விதியை மீறாத மனுஷன்," என்றார் கண்டக்டர் மெதுவாக. "மீறினதும் நல்லாத்தான் மீறியிருக்காரு. ஒரு பொம்பளையை வீட்டை விட்டு அனுப்ப ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கலை."

முதல்வர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்கள் கட்சிக்காரர் பெயர்ச்சீட்டை எரிப்பதாக நினைத்துத்தான் எரித்தார். கைதான் குறி தவறியது, மனம் குறி தவறவில்லை. அது கணக்கில் வராதா?"

தலையணையைக் குத்தியவன். பதினொரு பக்கம். அவன் குற்றவாளியே, கத்தி இறங்கிய இடம் தற்செயல், மனமே குற்றத்தின் வீடு என்று எழுதியிருந்தேன். என் வாழ்நாளில் நான் சந்தேகமே இல்லாமல் எழுதிய பதினொரு பக்கம் அது ஒன்றுதான். இப்போது அந்தக் குத்தியவன் ஓரத்து நாற்காலியில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"குற்றச்சாட்டுல மனசைப் பத்தி ஒண்ணும் இல்லை மேடம்," என்றேன். "பெயர்ச்சீட்டை எரிச்சு அழிச்சார்னு இருக்கு. பெயர்ச்சீட்டு உங்க கையில இருக்கு. எரிஞ்சது பட்டியல். அது இருக்கவே கூடாதுன்னு விதி சொல்லுது. இருக்கக் கூடாத ஒண்ணை அழிச்சதுக்கு தண்டனைன்னு எந்த விதியிலயும் இல்லை. சார் பார்த்துச் சொல்லட்டும்."

விதி சார் பார்க்கவில்லை. "இல்லை," என்றார்.

"அது சட்டம்," என்றார் முதல்வர். "நான் கேட்டது நியாயம்."

குறிப்பேட்டைப் புரட்டினேன். அதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

"மேடம்," என்றார் கண்டக்டர், "நியாயம் அடுத்த செமஸ்டர்ல வருது. பாடத்திட்டத்துல பார்த்தேன்."

முதல்வர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு எழுதினார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. வேலையும் அறையும் தொடரும். பீரோவின் சாவி மட்டும் இனி முதல்வரிடம் இருக்கும். கண்காணிப்பாளர் மீது தனியாக ஒரு விசாரணை, அதற்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார். "அதில் நான் சாட்சி மட்டும்தான்," என்று கண்டக்டர் பக்கம் திரும்பிச் சொன்னார்.

சாவியக்கா கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். நகம் வழுக்கியது. மகள்தான் வளையத்தை விரித்துப் பிடித்தாள்.

*

ஆறு மணிக்குப் பெயரோடு மதிப்பெண் ஒட்டப்பட்டது. எழுபத்தெட்டு முதல் பெஞ்சில் யாருக்கும் இல்லை, இதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு தையல்காரருக்கு. கண்டக்டருக்கு ஐம்பது. "நின்னுகிட்டே வந்தாலும் ஊர் வந்து சேர்ந்துட்டேன்," என்றார். சாவியக்காவின் மகளுக்கு அறுபத்து மூன்று.

பத்தொன்பது எனக்குத்தான். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். நான்கு கேள்விகளுக்கு எதிரே பூஜ்யம். மூன்றாம் கேள்விக்கு இருபதுக்குப் பத்தொன்பது. கடைசிப் பக்க ஓரத்தில், யார் எழுதியது என்று தெரியாமல் முதல்வர் எழுதியிருந்தார்: 'சிறப்பு. ஆனால் இவ்வளவு நிச்சயம் எங்கிருந்து வந்தது? அதற்காக ஒன்று குறைத்திருக்கிறேன்.'

கண்டக்டர் என் தோளுக்கு மேலாகப் படித்தார். "மறுதேர்வு எப்போ?"

"அடுத்த மாசம்."

"அதே கேள்வி வந்தா?"

"தெரியலைண்ணே."

"அதையே எழுதுங்க. சுருக்கமா முடிஞ்சிடும், மத்த நாலுக்கும் நேரம் கிடைக்கும்."

படியிறங்கும்போது சாவியக்கா வகுப்பறைக் கதவுகளைத் திறந்துகொண்டிருந்தார். இடுப்பில் பதின்மூன்று சாவிகள்.

"ஏம்மா," என்றார் என்னை நிறுத்தி. "நீ படிச்சவ. உள்ளதைச் சொல்லு. நான் செஞ்சது குத்தமா, இல்லையா?"

குறிப்பேட்டைத் திறந்தேன், மூடினேன். "நேத்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா."

அவர் தலையசைத்தார். மகளின் பெயர் ஒட்டியிருந்த சுவரை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்.

"அறுபத்து மூணு," என்றார். "வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா ஒரு குச்சி மிச்சமாகியிருக்கும்."